கடையில் கேட்ட ஒலியும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கேட்ட ஒலியும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை வண்டியில் போய்த் திரும்புவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். வண்டி, 350 சிசி ராயல் என்ஃபீல்டு. அந்த ஒன்றரை மணி நேரத்தில் நல்ல பாட்டு ஒன்றும் கூட வர வேண்டும் என்ற ஆசையும் அதே அளவுக்குப் பழையது. காதுக்குள் அடைத்துக்கொள்ளும் இயர்போனை நான் முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். பின்னால் வரும் பேருந்தின் ஹாரனும் ஆம்புலன்சின் ஒலியும் காதில் விழாமல் சென்னையில் இரண்டு சக்கர வண்டி ஓட்டுவது உயிருக்கே ஆபத்து. ஆகவே வண்டியிலேயே ஸ்பீக்கர் பொருத்துவதென்று முடிவு செய்து, இரண்டு ஆண்டுகளில் மூன்று ஜோடிகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தேன். அந்த அனுபவத்தில் நான் உறுதியாகத் தெரிந்துகொண்டது இதுதான்: மோட்டார் சைக்கிள் ஸ்பீக்கரை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, ஓடுகிற வண்டியில் கேட்டால்தான் அதன் தரம் தெரியும். கடையின் நான்கு சுவருக்குள் கேட்டதை வைத்தோ, பெட்டியில் அச்சிட்ட வாட் கணக்கை வைத்தோ தேர்ந்தெடுத்தால் பணம் வீணாகும்.

முதல் ஜோடியை அப்படித்தான் வாங்கினேன். ஹேண்டில்பாரில் மாட்டும் 3 அங்குல உருளைகள், பளபளக்கும் குரோம் பூச்சு, உள்ளேயே ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்), ப்ளூடூத் வசதி. பெட்டியின்மேல் 600 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தது. கடைக்குள் ஒலிக்கவிட்டபோது கூடமே நிறைந்தது; பக்கத்துக் கடையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று மாலையே அடையாறு பாலத்தைக் கடக்கும்போது 40 கிலோமீட்டர் வேகத்தில் பாட்டின் சொற்கள் மறைந்து, ஏதோ ஒரு கரகரப்பு மட்டும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. கார்த்திகை மாத மழையில் ஒரு பக்கம் முழுவதும் நின்றுபோனது. கழற்றிப் பார்த்தால் அதிர்ந்து ஒலி எழுப்பும் காகிதக் கோன் ஊறிப்போய் ஓரத்திலிருந்து பிரிந்திருந்தது. உள்ளே நீர் புகாமல் தடுக்க ஒரு ரப்பர் வளையம்கூட இல்லை.

புதுப்பேட்டையில் எனக்கு வழக்கமாக வயரிங் செய்து தரும் அண்ணனிடம் அதைக் கொண்டுபோனேன். அவர் ஸ்பீக்கரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பவர் வயரில் இருந்த ஃபியூஸ் மூடியைத் திறந்து, வெளிர் பழுப்பு நிறத்தில் இருந்த ஃபியூஸை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “வாட்ட விடு தம்பி, ஃபியூஸப் பாரு. அஞ்சு ஆம்பியர்தான் போட்டிருக்கான்” என்றார்.

அந்த ஒரு வரியில் மொத்தக் கணக்கும் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் ஏறக்குறைய 14 வோல்ட். அதை 5 ஆம்பியரால் பெருக்கினால் 70 வாட். தொடர்ந்து அதற்கு மேல் இழுத்தால் ஃபியூஸ் உருகிவிடும் என்பதால், அந்த ஆம்ப் பேட்டரியிடமிருந்து எடுக்கக்கூடிய உச்ச அளவே அவ்வளவுதான். அதிலும் பழைய ஏபி வகை ஆம்பாக இருந்தால் பாதியளவு வெப்பமாகப் போய்விடும். மிஞ்சுவதை இரண்டு ஸ்பீக்கருக்கும் பிரித்தால் ஆளுக்கு 17 வாட் அளவில் நிற்கும். டி வகை ஆம்ப் என்றால் நூற்றுக்கு 85 பங்கு வரை ஒலிபெருக்கத்துக்குப் போகும் என்பதால் 30 வாட் வரை கிடைக்கலாம். 600 எங்கே, 30 எங்கே? பெட்டியில் போடுவது ஒரு நொடிக்கும் குறைவான உச்சத்தைக் குறிக்கும் எண், பல நேரங்களில் அதுகூட இல்லை. நாம் பார்க்க வேண்டியது, தொடர்ந்து தரக்கூடிய வாட்டைக் காட்டும், ஆர்எம்எஸ் என்று குறிப்பிட்ட எண்ணை. அது இல்லாவிட்டால் ஃபியூஸை. அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்றுதான் கேட்கிறேன்.

வாட்டைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. பெரும்பாலான வாடிக்கையாளர்கள் அதைக் கேட்பதேயில்லை. சென்சிட்டிவிட்டி என்பார்கள்: ஒரு வாட் மின்சாரம் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி வரும் என்ற கணக்கு. ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். பத்து மடங்காக்கினால் 10 டெசிபல். ஆகவே 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்துப் பெறும் ஒலியை, 93 டெசிபல் ஸ்பீக்கர் 25 வாட்டிலேயே தந்துவிடும். வீட்டில், காரில், இந்த வேறுபாட்டை ஆம்பை மாற்றிச் சரிக்கட்டிவிடலாம். மோட்டார் சைக்கிளில் முடியாது. என் வண்டியின் பேட்டரி 12 வோல்ட், 8 ஆம்பியர் மணி. 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் முன்விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும் என்பதால், சாதாரண ஹாலஜன் பல்புக்கே 55, 60 வாட் போய்விடுகிறது. ஸ்பீக்கருக்கு மிச்சமிருக்கும் மின்சாரத்தை எண்ணித்தான் செலவழிக்க வேண்டும். குறைந்த மின்சாரத்தில் அதிக ஒலி தரும் ஸ்பீக்கரே வண்டிக்கு ஏற்றது.

இந்த எண்ணிலும் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிலர் ஒரு வாட்டுக்கு அளக்காமல் 2.83 வோல்ட்டுக்கு அளந்து போடுகிறார்கள். ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது சரியாக ஒரு வாட். ஆனால் 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே வோல்ட் 2 வாட் ஆகிவிடும், 2 ஓம் என்றால் 4 வாட். அதாவது, ஸ்பீக்கரின் திறமை கொஞ்சமும் கூடாமல் தாளில் 3 அல்லது 6 டெசிபல் கூடிவிடும். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே முறையில் அளக்கப்பட்டவையா என்று பார்த்துவிட்டுத்தான் எண்களை அருகருகே வைக்க வேண்டும்.

முதல் ஜோடிக்குப் பிறகு அவசரப்படாமல், ரிச்சி தெருவிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் நாலைந்து சனிக்கிழமைகள் சுற்றி, இரண்டு ஜோடிகளைக் கொண்டுவந்தேன். ஒன்று, படகுகளுக்கும் திறந்த வண்டிகளுக்கும் என்றே செய்யப்பட்ட 4 அங்குல ஜோடி. பாலிப்ரொப்பிலீன் கோன், ரப்பர் ஓரம், நடுவிலேயே மேல் அதிர்வெண்களுக்கான சிறிய ட்வீட்டர், 4 ஓம், 90 டெசிபல். இன்னொன்று, கார் ஆடியோவில் ஊறிய நண்பர் ஒருவர் இரவலாகத் தந்த ஆறரை அங்குல ஜோடி. காகிதக் கோன், கொம்பு போன்ற முகப்புள்ள தனி ட்வீட்டர், 94 டெசிபல். இரண்டையும் ஒரே ஆம்பில்தான் ஓட்டினேன்: டி வகை, 4 ஓமில் பக்கத்துக்கு 50 வாட் ஆர்எம்எஸ். ஆம்பை மாற்றினால் எதன் குணத்தைக் கேட்கிறோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

எதை ஒலிக்கவிட்டுச் சோதிப்பது என்பதை நான் வெகு நேரம் யோசித்தேன். கடைகளில் எப்போதும் அதிரும் பாட்டைத்தான் போட்டுக் காட்டுவார்கள். நான் மூன்று பதிவுகளை எடுத்துக்கொண்டேன்: ஒரு நாதஸ்வரக் கச்சேரி, மெல்லிய பெண் குரலில் ஒரு பாட்டு, ஒரு வீணைக் கச்சேரி. நாதஸ்வரமும் தவிலும் நான்கு மாட வீதிக்காக உருவான வாத்தியங்கள். சுவாமி புறப்பாட்டில் தேருக்கு முன்னே நின்று வாசித்தால் தெருக்கோடியில் நிற்பவருக்கும் கேட்க வேண்டும் என்பது அவற்றின் பிறவிக் குணம். நாதஸ்வரத்தின் ஊதும் முனையான சீவாளி தரும் மேல்சுரங்கள், மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் நன்றாக விழுகின்றன. வீணை கூடத்துக்குள் கேட்கும் வாத்தியம். திறந்த வெளியில் ஒரு ஸ்பீக்கர் எதைக் காப்பாற்றும், எதைக் கைவிடும் என்பதை இந்த மூன்றும் சேர்ந்து சொல்லிவிடும் என்று நம்பினேன், அப்படியே ஆயிற்று.

சோதனையை இரண்டாகப் பிரித்தேன். முதலில், வண்டியை நிறுத்தி, நான் உட்கார்ந்தால் என் காது இருக்கும் இடத்தில் கைபேசியைப் பிடித்து, ஒலியளவு காட்டும் செயலியின் உதவியோடு இரண்டு ஜோடிகளும் ஒரே அளவில் ஒலிக்கும்படி வால்யூமைச் சரிசெய்து கேட்டேன். ஒன்று சற்றே சத்தமாக ஒலித்தாலும் மனம் அதையே நல்லது என்று எடுத்துக்கொள்ளும். அளவைச் சமமாக்காமல் செய்யும் ஒப்பீடு ஒப்பீடே அல்ல. பிறகு, சிதறாமல் ஒலிக்கும் அதிகபட்ச அளவில் வைத்து, விடியற்காலை ஐந்தரை மணிக்கு, உத்தண்டி தாண்டி முட்டுக்காடு வரையிலான வெற்றுச் சாலையில் ஓட்டி, எந்த வேகத்தில் பாட்டின் சொற்கள் புரியாமல் போகின்றன என்று குறித்துக்கொண்டேன்.

நின்ற வண்டியில் கேட்டால் 4 அங்குல ஜோடியே இனிமை. பெண் குரலில் மூச்சு வாங்குவதுகூடத் தெரிந்தது. வீணையின் கமகம் இழை அறாமல் வந்தது. ஆறரை அங்குல ஜோடி குரலைக் கொஞ்சம் கூர்மையாக்கி, மூக்கால் பாடுவது போலக் காட்டியது. அந்த இடத்திலேயே முடிவெடுத்திருந்தால் பெரியதை அன்றே திருப்பிக் கொடுத்திருப்பேன். ஆனால் ஓடும் வண்டியில் நிலைமை மாறியது. 4 அங்குலத்தில் சொற்கள் 55 கிலோமீட்டர் வேகம் வரை புரிந்தன; ஆறரை அங்குலத்தில் 70 வரை. நாதஸ்வரம் இரண்டிலும் கடைசிவரை நின்றது. வீணை இரண்டிலுமே 45ஐத் தாண்டவில்லை.

ஏன் என்று பார்த்தால், ஹெல்மெட்டைச் சுற்றிச் சுழலும் காற்றின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. 65 கிலோமீட்டரைத் தாண்டினால் எஞ்சினின் ஒலியைவிட அதுவே ஓங்கி நிற்கும். போதாதற்கு என் வண்டியின் ஒற்றை சிலிண்டர், 3,000 சுற்றில் நொடிக்கு 25 முறை வெடிக்கிறது. அடிப்பகுதி முழுவதையும் காற்றும் எஞ்சினும் எடுத்துக்கொண்ட பிறகு, தவிலின் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்துக்கோ பேஸ் கிட்டாருக்கோ அங்கே இடமில்லை. ஹெல்மெட் தன் பங்குக்கு மேல் அதிர்வெண்களைத் தடுக்கிறது. நமக்கு மிஞ்சுவது நடுப்பகுதிதான். வண்டி ஸ்பீக்கரில் “நல்ல பேஸ்” தேடுவது பயனற்றது என்பது என் உறுதியான கருத்து. ஒரே அளவு ஒலிக்கு, அதிர்வெண் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். கேட்கவே போகாத அந்த ஒலிக்காகக் கோன் உதறி, ஆம்ப் சூடாகி, பேட்டரி கரைகிறது. ஆம்பில் இருக்கும் ஹைபாஸ் திருகை 120 ஹெர்ட்ஸுக்கு மேல் வைத்துக் கீழே உள்ளதை வெட்டிவிட்டேன். அந்த ஒரு திருகலில் குரல் எவ்வளவு தெளிந்தது என்பதை, செய்து பார்ப்பவர்கள் உடனே உணர்வார்கள்.

எங்கே மாட்டுகிறோம் என்பதும் எதை வாங்குகிறோம் என்பதற்குச் சமமான விஷயம். ஆறரை அங்குல ஜோடிக்கு ஹேண்டில்பாரில் இடம் கிடையாது. முன்பக்கம் முழு ஃபேரிங் (காற்றைத் தடுக்கும் மேலுறை) உள்ள பெரிய டூரிங் வண்டிகளில் அந்த அளவு இயல்பாக உட்காரும். எங்கள் வகை வண்டியில் கிராஷ் கார்டில்தான் கட்ட வேண்டும். அங்கிருந்து காதுக்கு ஏறக்குறைய 1.2 மீட்டர், ஹேண்டில்பாரிலிருந்து 60 சென்டிமீட்டர். திறந்த வெளியில் தொலைவு இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். அதாவது, 94 டெசிபல் ஸ்பீக்கரைக் காலடியில் மாட்டினால், காதுக்கு வரும்போது அது ஹேண்டில்பாரில் இருக்கும் 88 டெசிபல் ஸ்பீக்கருக்குச் சமம். நான் 70 கிலோமீட்டர் வரை கேட்டது, நண்பரும் நானும் தற்காலிகமாகப் பட்டை வைத்து ஹேண்டில்பாருக்கு முன்னால் பிடித்துக்கட்டிய நிலையில்தான். கிராஷ் கார்டுக்கு இறக்கியதும் அதுவும் 55க்கே வந்துவிட்டது. பாட்டு என் முழங்காலுக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை. 10 சென்டிமீட்டர் அகலக் கோனிலிருந்து 3,400 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி நேராகத்தான் பாயும், பக்கவாட்டில் விரியாது என்பதால் முகம் காதைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு விரற்கடை அளவு திருப்பித் திருப்பிக் கேட்டபோது, ஒரு கோணத்தில் குரல் சட்டென்று எழுந்து முன்னால் வந்தது. அங்கேயே இறுக்கினேன்.

ஆக, 4 அங்குல ஜோடியை வைத்துக்கொண்டேன். வேகத்தில் அது இழந்த பதினைந்து கிலோமீட்டரை ஒரு சிறிய விண்ட்ஷீல்டு பெருமளவு மீட்டுக்கொடுத்தது. கண்ணாடி காற்றை நெஞ்சுக்கு மேல் திருப்பிவிட்டதும் சொற்கள் 65 வரை புரிகின்றன. ஆம்பை இரட்டிப்பாக்கி 3 டெசிபல் வாங்குவதைவிட, காற்றைக் குறைப்பது மலிவு, காதுக்கும் நல்லது. 85 டெசிபலை நாளுக்கு 8 மணி நேரம்தான் கேட்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும் என்பது தொழிலிடப் பாதுகாப்பில் பின்பற்றப்படும் ஒரு வரையறை. அதன்படி 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரம், 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடம். காற்றின் இரைச்சலே வேகத்தில் இந்த அளவை நெருங்கும்போது, அதற்கு மேல் பாட்டை ஏற்றி வெல்ல நினைப்பது செவியைப் பணயம் வைப்பது. 70ஐத் தாண்டினால் நான் பாட்டை நிறுத்திவிடுகிறேன்.

பொருத்தும் வேலையில் அண்ணன் செய்த மூன்று காரியங்களைச் சொல்ல வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே தனி ஃபியூஸ் வைத்தார். வயர் எங்கே உரசித் தேய்ந்தாலும் தீப்பிடிக்காமல் அது காக்கும். சாவியை அணைத்தால் ஆம்பும் அணையும்படி ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் போட்டார். எஞ்சின் ஓடாமல் ஆம்ப் 3 ஆம்பியர் இழுத்தால், 8 ஆம்பியர் மணி பேட்டரி கணக்குப்படி இரண்டரை மணி நேரம் தாங்கும் என்றாலும், அதற்கு வெகு முன்னதாகவே செல்ஃப் எடுக்காமல் போய்விடும். மூன்றாவது, எர்த் வயர். முதலில் சேசிஸில் கொடுத்திருந்தபோது ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்க ஸ்பீக்கரில் ஒரு கொசு ரீங்காரமும் கூடவே ஏறியது. அதைப் பிரித்து நேராகப் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குக் கொண்டுபோனதும் ரீங்காரம் நின்றது. எல்லாம் முடிந்த பின் மல்ட்டிமீட்டரை வைத்து, முன்விளக்கு எரிய, ஆம்ப் பாட, பேட்டரியில் 13.9 வோல்ட் நிற்பதைக் காட்டினார். அது 13க்குக் கீழே இறங்கியிருந்தால் ஆம்பைக் குறைக்கச் சொல்லியிருப்பேன் என்றார்.

மழைக்கு, தூசையும் நீரையும் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஐபி எண்ணைப் பார்க்க வேண்டும். ஐபி67 என்றால் தூசு புகாது, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். வண்டியில் நீர் மேலிருந்து சொட்டுவதில்லை, வேகத்தோடு பீய்ச்சி அடிக்கிறது என்பதால், பீய்ச்சும் நீரைத் தாங்கும் 5 அல்லது 6 என்ற இலக்கமும் தனியாகக் குறிப்பிடப்பட்டிருந்தால் நிம்மதி. எங்கள் பகுதிக்கு இன்னொரு எதிரி உப்புக்காற்று. படகு ஸ்பீக்கர்களை உப்பு நீரைப் புகைபோலத் தெளித்துச் சோதிப்பார்கள் என்பதால்தான் அந்த வகையைத் தேடிப் போனேன். ஸ்பீக்கர் இரண்டு மழைக்காலங்களைக் கடந்து அப்படியே இருக்கிறது.

சட்டத்தையும் தெரிந்துகொண்டே இறங்கினேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதனால் எதையும் வெட்டாமல், துளையிடாமல், கழற்றினால் பழையபடி ஆகும் வகையில்தான் எல்லாம் கட்டியிருக்கிறேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. விடியற்காலை ஐந்தரைக்குக் கொட்டிவாக்கத்தில் தூங்குகிறவர்களுக்கு என் பாட்டைக் கேட்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. இடது கைப்பிடியை ஒட்டி ஒரு வால்யூம் திருகு வைத்திருக்கிறேன். கட்டைவிரலால் கையெடுக்காமல் குறைக்கலாம். அக்கரை தாண்டும் வரை அது பூஜ்ஜியத்தில்தான் இருக்கும். சிக்னலில் நிற்கும்போதும் அப்படியே.

போன வாரம் துடைக்கும்போது பார்த்தேன்: முகப்பு வலையைப் பிடித்திருக்கும் நான்கு திருகுகளில் ஒன்றின் தலையில் செம்மண் நிறத்தில் துரு ஏறியிருக்கிறது. ஸ்பீக்கரோடு வந்தவை மூன்று நன்றாக இருக்கின்றன. இது நடுவில் தொலைந்துபோனதற்குப் பதிலாக நான் சாதாரண இரும்பில் போட்டது. 316 தர ஸ்டெயின்லெஸ் திருகு ஒன்று வாங்கி, ஐப்பசி பிறப்பதற்குள் மாற்றிவிட வேண்டும்.